தோழியா வர்ற கண்ணுக்கு

வா கண்ணு. நீ இன்னும் பெங்களூர்ல பஸ்ஸே ஏறல, அதுக்குள்ள மார்ட்டள்ளி பூராவும் உன் பேச்சுதான். எங்க வீதிப் பொண்ணுக்கு நீதான் தோழியா நிக்கப் போறயாம். பொண்ணோட அம்மா என்கிட்ட வந்து, "ஆபீஸ் சினேகிதிங்க, கோயம்புத்தூர்க்காரப் புள்ள, இந்து, நம்ம கோயில் பழக்கம் எதுவும் தெரியாது, நீங்கதான் நாலு வார்த்தை சொல்லோணும்"னு கேட்டுச்சு. கேட்டது நாலு. நான் கோயில்பிள்ளையா இருந்து மணியடிச்சவன், மெழுகுவத்தி ஏத்துனவன், கல்யாண ரிஜிஸ்டரைத் தூக்கியாந்து மேசையில விரிச்சு வெச்சவன். நாலோட நிறுத்துவனா?

எங்க தாலுகா ஹனூர் எந்தப் பக்கம்னு உன் சினேகிதிகிட்டக் கேட்டயாமே. கர்நாடகாதான். ஆனா எங்க ஊர்ச் சேவல் தமிழ்லதான் கூவும். எங்க தாத்தன் காலத்துல கொள்ளேகால் தாலுகா மொத்தமும் கோயம்புத்தூர் ஜில்லாவுல இருந்துச்சு. ஆமா, உங்க ஜில்லாவேதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலம் பிரிச்சப்ப மைசூர்ப் பக்கம் சேத்துட்டாங்க. 1997-ல மைசூர் ஜில்லாவை வெட்டி சாமராஜநகர்னு ஒண்ணு பண்ணுனாங்க. அப்பறம் கொள்ளேகாலை வெட்டி ஹனூரைத் தனித் தாலுகா ஆக்குனாங்க. இத்தனை வெட்டுலயும் எங்க திண்ணை இருந்த எடத்துலயேதான் இருக்குது. அதனால வெளியூர்க் கல்யாணத்துக்குப் போறேன்னு ஆபீஸ்ல ரொம்பப் பெருமை அடிச்சுக்காத. பழைய கணக்குக்கு நீ சொந்த ஜில்லாவுக்குள்ளதான் சுத்தற.

பஸ்ஸு கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், ஹனூர்னு வரும். ஹனூரைத் தாண்டி ராமாபுரம், கௌதள்ளின்னு கேட்டுக்கிட்டே வா. ஆதார்ல கர்நாடக விலாசம் இருந்தா உனக்கு டிக்கெட் கெடையாது, 2023 ஜூன்ல இருந்து பொம்பளைங்களுக்கு அரசு பஸ்ஸு இனாம். விலாசம் இன்னும் கோயம்புத்தூர்தான்னா காசை எடுத்து வெச்சுக்க. எந்தக் காலத்து ஜில்லாவா இருந்தாலும் கண்டக்டர் ஒத்துக்க மாட்டாரு.

இன்னொண்ணு, நீ வர்ற அன்னிக்கு அமாவாசை. நாங்க முகூர்த்தம் பாக்கறதில்ல பாரு. (பாக்கறதில்லைன்னு வெளிய சொல்லிக்குவோம். ராகுகாலத்துல தட்டு மாத்துன வீடு எங்க ஊர்ல ஒண்ணைக் காட்டு, பாக்கலாம்.) தவக்காலம் நாப்பது நாளும் அடக்கி வெச்ச கல்யாணமெல்லாம் ஈஸ்டர் முடிஞ்சதும் வரிசை கட்டும், மண்டபம் எந்த நாளு கெடைக்குதோ அதுதான் எங்களுக்கு முகூர்த்தம். இந்த வாட்டி கெடைச்சது அமாவாசைக்கு மறுநாளு. அமாவாசைன்னா மாதேஸ்வரன் மலைக்கு ஊரே கெளம்பும். பஸ்ஸுக்குள்ள "உகே மாதப்பா"ன்னு சத்தம் கேட்டா பயந்துராத, நீயும் சேந்து ஒரு உகே போட்டயின்னா உக்கார எடம் கெடைக்கும். எங்க சாமியாருக்குத் தெரிய வேண்டாம்.

ராத்திரி வந்து எறங்கறாப்பல மட்டும் வெச்சுக்காத. இந்த மலைக்காட்டை 2013-ல சரணாலயம் ஆக்கிட்டாங்க. ஆனைக்குப் பத்திரிகை வெக்கல, இருந்தாலும் வரும். பஸ் நிக்கற எடத்துக்குத் தோழன் பையன் வண்டி கொண்டாருவான். அதான், உனக்கு எதுத்தாப்பல மாப்பிள்ளைப் பக்கம் நிக்கப் போறவன். தங்கமான பையன். அது இருக்கட்டும்.

பையில எலுமிச்சம்பழம் போட்டுக்க. உனக்கில்ல. மாப்பிள்ளை மேட்டூர்க்காரன், அவங்க வேன் பாலாறு வழியா மலை ஏறி எறங்கி வரோணும். அந்த வளைவுல வர்ற மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க எங்க ஊரை மொதல்ல தலைகீழாத்தான் பாப்பாங்க. வேன் கதவு தொறந்ததும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் குடுத்தயின்னா ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க. ஒரே ஒரு சங்கடம், கொள்ளேகால்ல பை நெறைய எலுமிச்சம்பழத்தோட நின்னா உங்க ஊர்க்காரங்க யாராச்சும் பாத்துட்டு மந்திரவாதியைப் பாக்க வந்திருக்கான்னு கதை கட்டிருவாங்க. கொள்ளேகால்னாலே அவங்களுக்கு அந்த நெனப்புதான். வாந்திக்குன்னு சொல்லிரு.

சரி, சேலைக்கு வர்றேன். வாட்ஸப்புல குரூப்பு போட்டு கலர் முடிவு பண்ணுனீங்களாமே. பேரு என்னமோ சொன்னா என் பேத்தி, பீச்சோ கீச்சோ. எங்க கண்ணுக்கு அது வெளுத்துப்போன ரோஸ். சேலைக்கு நீயே காசு, ஜாக்கெட்டுத் தைக்கக் கூலி நீயே, மொகத்துக்குப் பூச ஒரு ஆளு, அதுக்கும் நீயே, மொய்யும் நீயே, லீவு போட்டதுல சம்பளம் புடிச்சா அதுவும் நீயே. கல்யாணப் பொண்ணுக்கு அப்பன் கடன் வாங்குவான், தோழிக்கு யாரு வாங்குவா? 1840-ல விக்டோரியா ராணி கல்யாணத்துல பன்னெண்டு பொண்ணுங்க பின்னாடி நின்னு கவுன் வாலைத் தூக்கிட்டு வந்தாங்களாம், முன்னால இருந்த ஒரு பழைய ஃபாதர் சொல்லுவாரு. பன்னெண்டும் பெரிய எடத்துப் புள்ளைங்க, ஒண்ணுக்கும் காசுக் கஷ்டம் இல்ல. இங்க பன்னெண்டு பேர் வேலைக்கு நீ ஒருத்தி, வால் மட்டும் கொஞ்சம் சின்னது.

ஹீல்ஸு வாங்கினயா? வாங்கியிருப்ப. நல்லது, கோயில் வாசல்ல அழகா ஜோடியா கழட்டி வெச்சிட்டு உள்ள போ. எங்க கோயில்ல செருப்போட யாரும் ஏறுறதில்ல. பீச் கலர் சேலைக்கு அடியில வெறுங்காலு. வெளிய வந்தா செம்மண்ணு. பொண்ணோட வெள்ளைச் சேலைக் கொசுவத்தை ரெண்டு கையாலயும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நீ குனிஞ்சே நடக்கோணும், அதனால போட்டோவுல உன் மொகம் எப்படியும் வராது. மொகத்துக்குப் பூச வர்ற ஆளுகிட்டப் பாதி கூலி கொறைச்சுப் பேசிக்க.

இப்பத்தான் விசயத்துக்கே வர்றேன். உனக்கு ஊர்ல ஒரு எதிரி ரெடியா இருக்குது. பொண்ணோட அத்தை.

உங்க பக்கம் கல்யாணத்துல நாத்தனா வெளக்குப் புடிப்பா, மூணாவது முடிச்சு அவ போடுவா. கொங்குச் சீருல இணைச்சீருன்னு மாப்பிள்ளையோட தங்கச்சிக்குன்னே ஒரு சடங்கு இருக்குது. ஹனூர்ப் பக்கத்துக் கன்னடக்காரங்க கல்யாணத்துல களசகித்தின்னு ஒரு பொண்ணு கலசத்தை ஏந்திக்கிட்டு மணப்பொண்ணை ஒட்டியே நிக்கும், அதுவும் தங்கச்சி மொறையா இருக்கும். எல்லா எடத்துலயும் ரத்த சொந்தத்துக்குத்தான் அந்த வேலை. எங்க கோயில்லயும் முந்தியெல்லாம் அத்தை மக, மாமன் மகதான் தோழியா நிக்கும். இப்பத்தான் ஆபீஸ் சினேகிதியெல்லாம் வந்து நிக்கறீங்க. அத்தைக்கு ஒரு மக இருக்குது, போன வருசமே சேலை எடுத்து வெச்சிருந்துச்சு. அந்தச் சேலை இப்பப் பொட்டியில இருக்குது. நீ வர்ற.

இதோட போச்சுன்னா பரவால்ல. அத்தைக்கு ஒரு மகனும் இருக்கான். மொறை மாப்பிள்ளை. பொண்ணு வயசுக்கு வந்த அன்னிக்கே அவனுக்குன்னு பேசி வெச்சது. அது மேட்டூர்க்காரனைப் புடிச்சிருக்குன்னு சொல்லிருச்சு. சொன்னதும் அது வாயால இல்ல. வீட்டுக்குப் போன் போட்டு அதோட அம்மாகிட்ட நைசாப் பேசி ஒத்துக்க வெச்சது ஆரு? முழிக்காத, எனக்குத் தெரியும். அறத்தொடு நிற்றல்னு எங்க தமிழ் வாத்தியார் சொல்லிக் குடுத்திருக்காரு. தலைவியோட களவைத் தோழி பக்குவமா செவிலித்தாய் காதுல போடறது. சங்க காலத்துத் தோழிக்கு அதுதான் தலையாய வேலை, சேலை மேட்ச் பண்றதில்ல. அந்த வேலையை நீ அப்பவே முடிச்சுட்ட. அதனாலதான் அத்தைக்கு உன்னைக் கண்டா ஆகாது, சேலையினால மட்டும் இல்ல.

இதுக்கு ஒரு மருந்து சொல்றேன். வந்து எறங்குனதும் பொண்ணு ரூமுக்குள்ள போய் மருதாணி, ரீலுன்னு உக்காந்துக்காத. நேரா அடுப்படிக்குப் போ. சமையல்காரங்க கறிக்கு மூட்டை வெங்காயத்தைக் கொட்டி வெச்சிருப்பாங்க, அதுக்கு முன்னாடி மணையைப் போட்டு அத்தை உக்காந்திருக்கும். பக்கத்துல நீயும் குந்திக்கிட்டு ஒரு கத்தியை எடு. ஒண்ணும் பேசாத. கொஞ்ச நேரம் போனதும், "ஏனுங்க அத்தை, பொண்ணு தலையில போடற நெட்டுக்குப் பின்னு எங்க குத்துனா நிக்கும்?"னு கேளு. உனக்குத் தெரியாதுங்கறது அதுக்கு அமிர்தம். மொதல்ல பதில் வராது, ரெண்டாவது வாட்டி கேளு. மூணாவது வாட்டி அதுவே எந்திரிச்சு வந்து குத்திக் காட்டும். கண்ணுல தண்ணி வந்தா வெங்காயத்து மேல பழியைப் போட்டுக்கலாம், ரெண்டு பேருக்குமே சௌகரியம்.

கோயிலுக்குள்ள என்ன நடக்கும்னு சொல்லிர்றேன். மூணு ஞாயித்துக்கெழமை ஓலை வாசிச்சாச்சு, இங்கயும் மேட்டூர்ப் பக்கத்து அவங்க கோயில்லயும். இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாச்சும் தெரிஞ்சா சாமியார்கிட்டச் சொல்லுங்கன்னு. மூணு வாரமும் ஊரே அத்தை மொகத்தைத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. அது ஜெபமாலை உருட்டிக்கிட்டே இருந்துச்சு, ஒரு வார்த்தை பேசல. பெரிய மனுசிதான், சும்மா சொல்லக்கூடாது.

பூசை நடுவுல எல்லாரும் வரிசையா முன்னால போவாங்க. நன்மை வாங்க. பிரசாதம் குடுக்கறாங்கன்னு நெனச்சு நீயும் போய்க் கையை நீட்டிராத. அது ஞானஸ்நானம் வாங்கி நன்மை எடுத்தவங்களுக்கு மட்டும். முன்னொரு கல்யாணத்துல ஒரு பெங்களூர்ப் புள்ள போய் நின்னு, சாமியார் அப்பத்தைக் கையில வெச்சுக்கிட்டு "கிறிஸ்துவின் உடல்"ன்னாரு. அது "தேங்க்யூ ஃபாதர்"ன்னுச்சு. எங்க ஊர்ல அந்தப் புள்ளைக்கு இன்னைக்கு வரைக்கும் பேரு தேங்க்யூதான். நீ எந்திரிச்சு ஓரமா ஒதுங்கி நின்னு வழி விடு, போதும்.

அதுக்கும் முன்னாடியே, பிரசங்கம் முடிஞ்சதும் சம்மதம். சாமியார் கேப்பாரு, ரெண்டு பேரும் கையைச் சேத்துப் புடிச்சுக்கிட்டு வாக்குக் குடுப்பாங்க. கல்யாணம் ஆகறது அந்த எடத்துலதான் கண்ணு. மோதரமும் தாலியும் அதுக்கு அப்பறம் வர்றதுதான். ஆனா கேமராக்காரன் சம்மதம் நடக்கறப்ப பேட்டரி மாத்திக்கிட்டு இருப்பான், தாலிக்குத்தான் ஏணி போட்டு ஏறுவான். நீயும் அந்த நேரம் பாத்து நெட்டைச் சரி பண்ணிக்கிட்டு நிக்காத. பொண்ணு கொரலு தம்புடிக்காது, மைக்கை வாயோரம் தள்ளி விடு.

தாலி கட்டறப்ப உனக்கு மூணு கை வேணும். ஒரு கையில நெட்டைத் தூக்கோணும், ஒரு கையில மாலையை விலக்கோணும், இன்னொண்ணுல சடையை மேல புடிக்கோணும். நெட்டோட ஓரம் ரோசாப்பூ மாலையோட கம்பியில போய் மாட்டும், எல்லாக் கல்யாணத்துலயும் மாட்டும். அதைப் புடிச்சு இழுத்துராத, கிழிஞ்சா அபசகுனம்னு ஒரு கெழவி சத்தம் போடும் (முகூர்த்தம் பாக்காத அதே கெழவிதான்). நகத்தால கம்பியை மெதுவா அமுக்குனா தானா விடும். மாப்பிள்ளை கை நடுங்கும். முடிச்சு எங்கன்னு அவனுக்குத் தெரியாது, நீ ஒரு வெரலை வெச்சுக் குடு. அந்த நேரம் தோழன் பையனும் மாலையைப் புடிக்க ஒரு கை குடுப்பான். நல்ல ஒசரம் வேற.

இதெல்லாம் முடிஞ்சுதான் உன் நெசமான வேலை. எல்லாரும் பீடத்துக்கு முன்னால போட்டோவுக்கு முட்டிக்கிட்டு இருக்கறப்ப ஓரத்துல ஒரு மேசை, அதுல ரிஜிஸ்டர். மாப்பிள்ளை கையெழுத்து, பொண்ணு கையெழுத்து, அதுக்குக் கீழ சாட்சி ரெண்டு பேரு. ஒண்ணு தோழன், ஒண்ணு நீ.

இந்த ரெண்டு சாட்சி எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? ஐநூறு வருசத்துக்கு முன்னால ஐரோப்பாவுல ஒரு ஆணும் பொண்ணும் தனியா நின்னு 'உன்னைக் கட்டிக்கிட்டேன்'னு ஒருத்தருக்கொருத்தர் சொன்னாலே கல்யாணம் செல்லும். சாமியார் வேண்டாம், சாட்சி வேண்டாம். பையன் இங்க ஒருத்திகிட்டச் சொல்லிட்டு அடுத்த ஊர்ல போய் இன்னொருத்திகிட்டயும் சொல்லுவான். மொதப் பொண்ணு கோர்ட்டுக்குப் போனா, "நானா? எப்பச் சொன்னேன்?"ம்பான். அவ பக்கம் பேச ஆளு இல்ல. இதுக்கு முடிவு கட்டத்தான் 1563-ல டிரெண்ட் நகரத் திருச்சங்கத்துல, பங்குச் சாமியாரும் ரெண்டு மூணு சாட்சியும் இல்லாத கல்யாணம் செல்லாதுன்னு போட்டாங்க. இப்ப இருக்கற 1983 சட்டத்துலயும் 1108-ஆம் விதி அதுதான், சாட்சி ரெண்டு. நம்பரோட சொல்றனேன்னு பாக்கறயா? எத்தனை சாமியாரு மாறியிருப்பாங்க, அத்தனை பேருக்கும் எடுத்துக் குடுத்தது நான்தான்.

அந்த மண்டபத்துல பட்டுச் சேலை கட்டி எண்ணூறு பேரு இருப்பாங்க. அத்தை இருக்கும், தாய்மாமன் இருப்பாரு, பஞ்சாயத்துத் தலைவரு இருப்பாரு. ஆனா சாட்சியா ரெண்டே பேரு பேருதான் அந்தப் புஸ்தகத்துல ஏறும். நீ இந்துவாச்சே, செல்லுமான்னு உன் சினேகிதி பயந்துக்கிட்டே என்கிட்டக் கேட்டுச்சு. செல்லும். சாட்சிக்கு ஞானஸ்நானம் கேக்கல. புத்தி தெளிஞ்சிருக்கோணும், நேர்ல நின்னு பாத்துக் கேட்டிருக்கோணும், அவ்வளவுதான். அதுக்குத்தான் சொன்னேன், சம்மதம் சொல்றப்ப நெட்டைச் சரி பண்ணிக்கிட்டு நிக்காதன்னு. நாளைக்கு இவங்களுக்குள்ள சண்டை வந்து, 'கட்டாயப்படுத்திக் கட்டி வெச்சாங்க'ன்னு ஒருத்தர் ஆயர் கோர்ட்டுக்கு மனு போட்டா, உன்னைக் கூப்பிட்டுக் கேட்டாலும் கேப்பாங்க. 'நான் நெட்டு சரி பண்ணிட்டு இருந்தேன் ஃபாதர்'ன்னு சொல்லுவயா?

பழைய ரிஜிஸ்டரைப் பொரட்டிப் பாத்தா வேடிக்கையா இருக்கும். சாட்சி எடத்துல பெருவெரல் ரேகை, மை ஒழுகுன கையெழுத்து, தன் பேரை மறந்துட்டு மாப்பிள்ளை பேரைப் போட்டுட்டு அடிச்சவன். அமெரிக்கா போறதுக்கு, பாஸ்போர்ட்டுக்குன்னு சர்டிபிகேட் கேட்டு வர்றவங்களுக்கு நான் பக்கத்தைத் தேடி எடுத்துக் குடுப்பேன். பொண்ணு கட்டுன சேலை என்ன கலருன்னு அதுல எழுதியிருக்காது. உன் பீச்சும் இருக்காது. கோட்டுக்கு மேல, கருப்பு மையில, பூரா பேரையும் எழுது. பேனா நான் வெச்சிருக்கேன். பேகுக்குள்ள கையை விட்டு லிப்ஸ்டிக்கை எடுத்து நீட்டாத, அப்படியும் ஒருத்தி நீட்டியிருக்கா.

சாப்பாட்டைப் பத்தி ஒண்ணே ஒண்ணு. பொண்ணு காலையில இருந்து வெறும் வயிறா இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்க. வெள்ளைச் சேலையை மாத்திக் கொள்ளேகால் பட்டு கட்டறதுக்கு ரூமுக்குப் போறப்ப ரெண்டு இட்லியை ஊட்டி விட்ரு. பாத்ரூமுக்கும் அப்பவே கூட்டிட்டுப் போயிரு. அதுக்கப்பறம் மேடையில நின்னா மொய்க்கவர் வாங்கிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் எறங்க முடியாது. நீ கடைசிப் பந்தி. கறி தீந்து கொழம்பும் எலும்பும்தான் வரும், களி இருக்கும். மனசைத் தேத்திக்க.

அந்தக் கடைசிப் பந்தியில உனக்கு எதுத்த எலையில யாராச்சும் வந்து உக்காருவாங்க. "கண்ணுக்கு எந்த ஊரு, அப்பா என்ன பண்றாரு, கூடப் பொறந்தது எத்தனை"ன்னு ஆரம்பிப்பாங்க. கல்யாணத்துக்கு வர்ற பொம்பளைங்க கண்ணு பொண்ணு மேல கொஞ்ச நேரம்தான், அது வித்துப் போன சரக்கு. மீதி நேரம் பூரா தோழி மேலதான். நீ எப்படிக் குனியற, எப்படிப் பந்தியில உக்கார்ற, பெரியவங்க வந்தா எந்திரிக்கறயான்னு எல்லாம் பாத்துருவாங்க. நேத்து வெங்காயம் உரிச்சது வரைக்கும் சேதி போயிருக்கும்.

எதுத்த எலையில உக்காரப் போறது அத்தைதான். ஆமா, அதே அத்தை. அது என் தங்கச்சி மக, சொல்லலயா நான்? மறந்திருப்பேன், வயசாச்சு. அதோட மகன், அதான் அந்த மொறை மாப்பிள்ளை, கொள்ளேகால்ல பட்டுக்கூடு யாவாரம் பண்றான். குடி கெடையாது, சொந்த வண்டி இருக்குது. பொண்ணுக்கு அண்ணன் தம்பி இல்ல, ரெண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம் இருக்கக்கூடாதுன்னு சாமியார் கேட்டுக்கிட்டாரு, அவனும் பெரிய மனசு பண்ணி மாப்பிள்ளைக்குத் தோழனா நிக்கறேன்னுட்டான். பஸ் நிக்கற எடத்துக்கு வண்டி கொண்டாறவனும் அவன்தான், மாலையைப் புடிக்கறவனும் அவன்தான், உனக்கு மேல் வரியில கையெழுத்துப் போடப் போறவனும் அவன்தான்.

சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன். மதம் வேறயாச்சேன்னு நீ கேக்கலாம், கேக்காமயும் இருக்கலாம். கேட்டயின்னா, அதுக்கும் வழி இருக்குது. ஆயர்கிட்ட விலக்கு எழுதி வாங்குனா எங்க கோயில்லயே கட்டலாம், நீ உன் சாமியை விடோணும்னு இல்ல. அந்த ஃபாரம் சாமியாரு அலமாரியில எந்தத் தட்டுல இருக்குதுன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன். அதெல்லாம் அவசரமில்ல. நீ மொதல்ல வந்து வெங்காயத்தை உரி.